26 மருந்துக்கும் அடங்காத கிருமி: நெவாடா நோயாளி பற்றிய நிகழ்வு ஆய்வு

2016 ஆகஸ்ட் 18 அன்று, அமெரிக்காவின் நெவாடா மாநிலம் வாஷோ கவுன்டியில் ஒரு மருத்துவமனையில், எழுபது வயதைத் தாண்டிய பெண்மணி ஒருவரைச் சேர்த்தார்கள். உள்ளூர்க்காரர்தான். இந்தியாவில் நெடுநாள் தங்கிவிட்டு அந்த மாதத் தொடக்கத்தில்தான் திரும்பியிருந்தார். வலது இடுப்பில் நீர் கோத்து, அதில் கிருமி ஏறி, உடம்பு முழுக்க அதன் பாதிப்பு தெரியத் தொடங்கியிருந்தது.

மறுநாளே புண்ணிலிருந்து மாதிரி எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார்கள். வளர்ந்தது க்ளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா. நம் எல்லோர் குடலிலும் இருக்கக்கூடிய, பெரும்பாலும் தொந்தரவு தராத வகைதான் அது. ஆனால் இந்த க்ளெப்சியெல்லா அங்கே கிடைத்த எந்த மருந்துக்கும் மசியவில்லை. ஆகஸ்ட் 25 அன்று மாவட்டச் சுகாதாரத் துறைக்குத் தகவல் போனது. செப்டம்பர் தொடக்கத்தில், ரத்த அழுத்தம் சரிந்து செப்டிக் ஷாக்கில் அவர் இறந்தார்.

முந்தைய கதையும் இருக்கிறது. அதற்கு முன் இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் அவருக்கு வலது தொடை எலும்பு முறிந்திருந்தது. பிறகு அந்த எலும்பிலும் இடுப்பிலும் தொற்று பிடித்தது. அதற்காகப் பலமுறை மருத்துவமனையில் இருந்தார். கடைசியாக 2016 ஜூனில். சிடிசி எனப்படும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017 ஜனவரி 13 தேதியிட்ட தன் வார இதழில் இதை ஒரு சிறிய களக்குறிப்பாக வெளியிட்டது. பெயர் இல்லை, இந்திய மருத்துவமனைகள் எவை என்பதும் இல்லை. அதுவே நல்லது. இந்த நிகழ்வை யார் மீதும் பழி போடாமல் படிக்க முடிகிறது.

அங்கே செய்த ஒரு வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் சமீபத்தில் வெளிநாட்டு மருத்துவமனையில் இருந்தவர் என்ற விவரம் தெரிந்திருந்ததால்தான் கிருமி சிடிசிக்கு அனுப்பப்பட்டது. கிருமி எது என்று தெரிந்ததும் அவரைத் தனி அறைக்கு மாற்றினார்கள். உள்ளே போகிறவர்கள் கவுனும் கையுறையும் போட்டுத்தான் போக வேண்டும். அதே வார்டில் இருந்த மற்றவர்களிடமிருந்தும் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். யாருக்கும் பரவவில்லை. நோயாளியைக் காப்பாற்ற முடியாவிட்டாலும் வார்டைக் காப்பாற்றிவிட்டார்கள்.

கல்ச்சர் தாள் சொன்னது

கல்ச்சர் ரிப்போர்ட் பார்த்தவர்களுக்கு அந்த எழுத்துகள் தெரிந்திருக்கும். ஒவ்வொரு மருந்துக்கும் நேராக எஸ் என்றிருந்தால் கேட்கும், ஆர் என்றிருந்தால் கேட்காது, ஐ என்றிருந்தால் இரண்டுக்கும் நடுவில். இவருடைய கிருமி சோதித்த 26 ஆன்டிபயாடிக்குகளுக்கும் அடங்கவில்லை என்கிறது அறிக்கை. டைகெசைக்ளினுக்கு மட்டும் நடுத்தர எதிர்ப்பு. ஜென்டாமைசின் வகையறா, மெரோபெனம் வகையறா எல்லாம் போயிற்று. கடைசித் துருப்பு என்று டாக்டர்கள் சொல்கிற கொலிஸ்டின் கூட இல்லை. 1950களில் வந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஓரம் கட்டப்பட்டு, வேறு வழியில்லாமல் திரும்ப எடுக்கப்பட்ட பழைய மருந்து அது.

மிச்சமிருந்த ஒரே வெளிச்சம் பாஸ்போமைசின். ஆய்வகத்தில் அதற்கு மட்டும் கிருமி ஓரளவு கட்டுப்படுவதாகத் தெரிந்தது. ஆனால் அமெரிக்காவில் அப்போது அந்த மருந்துக்கு அனுமதி சாதாரண நீர்க்கடுப்புக்கு வாய்வழியாகக் கொடுக்க மட்டுமே. நரம்பில் ஏற்றும் வடிவம் வேறு நாடுகளில் உண்டு, அங்கே இல்லை. செய்திகளில் 26 என்ற எண்தான் தலைப்பானது. என்னைக் கேட்டால் இந்த அறிக்கையிலேயே மிகவும் உறுத்துவது பாஸ்போமைசின் பற்றிய வரிதான்.

இவ்வளவு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? சிடிசி கண்டுபிடித்தது என்டிஎம் (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) என்ற நொதியை. பென்சிலின் முதல் மெரோபெனம் வரைக்கும் ஒரு பெரிய மருந்துக் குடும்பத்துக்கு அடிப்படை பீட்டா-லாக்டம் என்ற வேதி வளையம். என்டிஎம் துத்தநாகத்தின் துணையோடு அந்த வளையத்தை உடைத்துவிடும். இப்படிப்பட்ட நொதிகளைத் தடுக்கவே அவிபாக்டம் போன்ற துணை மருந்துகள் வந்தன. ஆனால் என்டிஎம் வேறு ரகம், அவிபாக்டமுக்குக் கட்டுப்படாது. அதைவிடக் கவலை, இந்த நொதிக்கான மரபணு பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் இருப்பது. ஒரு பாக்டீரியா பக்கத்திலிருக்கும் இன்னொன்றுக்கு, அது வேறு இனமாக இருந்தாலும், அதை அப்படியே நகல் எடுத்துக் கொடுத்துவிடும். அதே பிளாஸ்மிட்டில் மற்ற மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்களும் சேர்ந்தே இருப்பது வழக்கம்.

சென்னையும் டெல்லியும்

என்டிஎம் முதலில் கண்டறியப்பட்டது ஸ்வீடனில். டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவரிடம், 2008இல். அதிலும் க்ளெப்சியெல்லாதான். 2010இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த கட்டுரை இந்தியாவில் பெரிய சத்தத்தைக் கிளப்பியது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. என்டிஎம் உள்ள கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் வேறு இடங்களில் 73 என்று அந்தக் கட்டுரை கணக்குச் சொன்னது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்று இங்கே குரல்கள் எழுந்தன. அந்தச் சண்டையில் போன நேரத்தை வார்டுகளில் செலவழித்திருக்கலாம்.

அடுத்த ஆண்டே இன்னொரு கட்டுரை வந்தது. டெல்லியில் குழாய்த் தண்ணீரும், தெருவில் தேங்கிக் கிடக்கும் நீரும் எடுத்துச் சோதித்திருந்தார்கள். குடிநீர் மாதிரிகள் 50இல் 2, தேங்கிய நீர் மாதிரிகள் 171இல் 51, என்டிஎம் மரபணுவோடு இருந்தன. ஆக, விஷயம் ஆஸ்பத்திரிச் சுவருக்குள் மட்டும் இல்லை.

சென்னைக்கு இதில் நல்ல பங்கும் உண்டு. 2012 ஆகஸ்டில் நாட்டின் பல மருத்துவச் சங்கங்கள் இங்கே கூடி, ஆன்டிபயாடிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த ஒரு வழித்திட்டத்தை எழுதின. சென்னைப் பிரகடனம் என்று அதைச் சொல்வார்கள். ஒருங்கிணைத்தவர் சென்னையைச் சேர்ந்த தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கபூர்.

யார் செய்த தவறு?

இந்த நிகழ்வைச் சொன்னதும் பலரும் கேட்பது, "அந்தம்மா கண்டபடி மாத்திரை போட்டிருப்பாங்களோ?" என்பதுதான். அப்படி நினைக்க ஆதாரம் எதுவும் இல்லை. எலும்புத் தொற்று என்பது ஆன்டிபயாடிக் உண்மையிலேயே தேவைப்படும் நோய். செத்துப்போன எலும்புக்கு ரத்த ஓட்டம் இல்லை, மருந்து போய்ச் சேராது. கிருமிகள் அங்கே படலமாக ஒட்டிக்கொள்ளும். வாரக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டும், பல நேரம் அறுவை சிகிச்சையும் வேண்டும். அவருக்கு நியாயமாகத் தேவைப்பட்ட நேரத்தில் மருந்துகள் வேலை செய்யவில்லை. அவற்றின் வீரியத்தை அதற்கு முன்பே வேறு யார் யாரோ, வேறு எதற்கோ செலவழித்துவிட்டார்கள்.

மற்ற பெரும்பாலான மருந்துகளில் இப்படி நடக்காது. நான் ரத்த அழுத்த மாத்திரையைத் தவறாகப் போட்டால் பாதிப்பு எனக்குத்தான், உங்கள் மாத்திரை கெடாது. ஆன்டிபயாடிக் மாதிரியான கிருமி மருந்துகள்தான் ஒருவர் போட்டால் இன்னொருவருக்குக் குறைகிறவை.

எப்படிக் குறைகிறது என்பதை ஒரு பின்லாந்து ஆய்வு கையில் எடுத்துக் காட்டுகிறது. 2015இல் வெளியானது. வெப்பநாடுகளுக்குப் பயணம் போன 430 பேரின் மலத்தைப் போவதற்கு முன்பும் வந்த பிறகும் சோதித்தார்கள். என்டிஎம்முக்கு ஒரு படி கீழே இருக்கும் ஈஎஸ்பிஎல் வகை எதிர்ப்புக் கிருமியை 21 சதவீதம் பேர் குடலில் சுமந்து வந்திருந்தார்கள். வயிற்றுப்போக்கும் வராமல், ஆன்டிபயாடிக்கும் போடாதவர்களில் இது 11 சதவீதம். வயிற்றுப்போக்கு வந்து ஆன்டிபயாடிக்கும் போட்டவர்களில் 37. மாத்திரை குடலில் இருந்த சாதுவான பாக்டீரியாக்களைக் கொன்று இடத்தைக் காலி செய்துவிட்டது. சாப்பாட்டோடும் தண்ணீரோடும் வந்த முரட்டுக் கிருமி அங்கே குடியேறிக்கொண்டது.

மூக்கு ஒழுகுவதற்கு அசித்ரோமைசின் போட்டாலும் இதே கதைதான். சளிக்குக் காரணமான வைரஸ் மீது அந்த மருந்து எந்த வேலையும் செய்யாது. அது வேலை செய்வது குடலில், தோலில், தொண்டையில் இருக்கிற, யாருக்கும் கெடுதல் செய்யாத பாக்டீரியாக்கள் மீது. மூன்று நாளில் சளி போய்விடுகிறது, எப்படியும் போயிருக்கும். மாத்திரைக்குப் பெயர் கிடைக்கிறது.

நம்ம தெரு மருந்துக்கடை

"ரெண்டு நாளா காய்ச்சல், தொண்டை வலி, ஏதாவது கொடுங்க." கடைக்காரர் அட்டையிலிருந்து கத்தரித்து, பாராசிட்டமால் ஒன்று, சளி மாத்திரை ஒன்று, ஆன்டிபயாடிக் ஒன்று என்று செட் போட்டுக் கவரில் தருவார். டாக்டர் சீட்டு கேட்பதில்லை. கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். டாக்டர் கட்டணம், அரை நாள் கூலி, பஸ் செலவு எல்லாம் கணக்குப் பார்க்கிற குடும்பத்தை இதற்காகத் திட்டுவதில் அர்த்தமில்லை.

சட்டம் இருக்கிறது. ஆன்டிபயாடிக்குகள் பொதுவாக எச் அட்டவணை மருந்துகள், சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 2014 மார்ச் 1 முதல் எச்1 என்ற கடுமையான அட்டவணையும் நடைமுறைக்கு வந்தது. அப்போது அதில் 46 மருந்துகள். செபிக்சிம், லெவோஃப்ளாக்சசின், மெரோபெனம் எல்லாம் அதில் உண்டு. விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆனால் தெருவில் அதிகம் புழங்கும் அசித்ரோமைசின் அந்த 46இல் இல்லை. உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக்குகளை மூன்று கூறாகப் பிரித்திருக்கிறது: தேவைப்படும்போது முதலில் கொடுக்கக்கூடிய அமாக்சிசிலின் போன்றவை, கவனித்துக் கொடுக்க வேண்டியவை, பூட்டி வைக்க வேண்டியவை. அசித்ரோமைசின், செபிக்சிம், லெவோஃப்ளாக்சசின் மூன்றும் இரண்டாவது கூறு. நம் கடை கவர்களில் சர்வசாதாரணமாக வருவது இவைதான்.

மாத்திரை அட்டையின் பின்னால் நெடுக ஒரு சிவப்புக் கோடு பார்த்திருப்பீர்கள். சீட்டு வேண்டும் என்பதற்கு அது அடையாளம். 2016இல் மத்திய அரசு அதை விளம்பரப்படுத்தவும் செய்தது. படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற நல்ல ஏற்பாடு. ஆனால் கத்தரித்துக் கொடுக்கிற இரண்டு மாத்திரையில் கோடும் பாதி, பெயரும் பாதி. முழு அட்டையாகக் கேட்டு வாங்குங்கள், அல்லது பெயரைக் கவரில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கோழிப் பண்ணையும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. கொலிஸ்டினைக் கோழித் தீவனத்தில், நோய்க்காக அல்ல, எடை கூடுவதற்காகவே கலந்து வந்தார்கள். 2019 ஜூலையில் மத்திய அரசு உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைத் தடை செய்தது. அந்த அம்மையாரின் கிருமியில், கொலிஸ்டின் எதிர்ப்பைத் தொற்ற வைக்கும் எம்சிஆர்-1 மரபணு இல்லை என்று சிடிசி பார்த்துச் சொன்னது. எனவே அவர் கதையைப் பண்ணையோடு முடிச்சுப் போடக் கூடாது. ஆனால் தடை தேவைப்பட்ட தடைதான்.

டாக்டரிடமும் வீட்டிலும்

பாதுகாப்பு என்றால் எதிர்ப்பு மட்டும் இல்லை, போடுகிறவருக்கு நேரடியாக வரும் ஆபத்தும் உண்டு. சீட்டு எழுதும்போது டாக்டருக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும்: முன்பு எந்த மருந்துக்காவது உடம்பில் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்ததா, இப்போது வேறு என்ன மாத்திரை ஓடுகிறது, கர்ப்பமா அல்லது சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா. அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு மெட்ரோனிடசோலோ கோ-ட்ரைமாக்சசோலோ சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவருக்குக் கோ-ட்ரைமாக்சசோல் ஆபத்து.

நான் அதிகம் பயப்படுவது சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் குடும்பத்தைப் பற்றி. குதிகால் தசைநாண் அறுந்துபோகலாம் என்று 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அவற்றின் மீது கட்டம் கட்டி எச்சரித்தது. சர்க்கரை அபாயமாகக் குறையலாம், குறிப்பாகச் சர்க்கரை மாத்திரை எடுக்கும் வயதானவர்களுக்கு, என்று 2018இல் எச்சரிக்கையை இன்னும் கடுமையாக்கியது. சர்க்கரை நோயாளிகள் இவ்வளவு இருக்கிற நம் ஊரில் இந்த மாத்திரை கவுன்டரில் புழங்குகிறது. அதோடு இவை காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும். விடாத இருமலுக்கு இதை வாங்கிப் போட்டால் இருமல் சற்றுத் தணியும், சளிப் பரிசோதனையில் கிருமி தெரியாமல் போகும், காசநோய் கண்டுபிடிக்கத் தாமதமாகும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை முதலில். அரசு மருத்துவமனையில் காசு கிடையாது.

பால், கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை, ஜெலுசில் மாதிரியான அமிலத்தன்மை மருந்து, இவற்றோடு சேர்த்துப் போட்டால் இந்தக் குடும்ப மருந்துகள் உடம்பில் சரியாகச் சேராது. டாக்சிசைக்ளினும் அப்படித்தான். அதை ஒரு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்து விழுங்க வேண்டும், போட்டதும் படுத்துவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

கோர்ஸை முடிக்க வேண்டுமா என்ற கேள்வி இப்போது முன்பு போல எளிதல்ல. காய்ச்சல் விட்டாலும் கடைசி மாத்திரை வரை போடாவிட்டால் எதிர்ப்பு வரும் என்று எல்லோரும் சொல்லி வளர்ந்தோம். 2017இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு நிபுணர் குழு, அந்தப் பொது விதிக்கு ஆதாரம் போதாது, தேவைக்கு மேல் நாள் நீட்டுவதே எதிர்ப்பை வளர்க்கும் என்று எழுதியது. நிமோனியா பலருக்கு ஐந்து நாளில் போதும் என்று தெரிகிறது. அதற்காக, தேறிவிட்டது என்று நீங்களே நிறுத்தக் கூடாது. காசநோய்க்கு மாதங்கள் குறையக் கூடாது. சில தொண்டைத் தொற்றுக்குப் பென்சிலின் பத்து நாள் கொடுப்பது பின்னால் இதய வால்வு கெடாமலிருக்க. எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறாரோ அதுவே கோர்ஸ். சீக்கிரம் தேறினால் டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள், நிறுத்தச் சொன்னாலும் சொல்வார்.

காய்ச்சல் கடுமையாக இருந்து ஊசி போடப்போகிறார்கள் என்றால், கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தாயிற்றா என்று மெதுவாகக் கேட்கலாம். முதல் டோஸ் உள்ளே போய்விட்டால் கிருமி வளராமல் போகலாம், அப்புறம் எல்லாம் குத்துமதிப்புதான். வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ், குழந்தையென்றால் துத்தநாக மாத்திரையும். ரத்தம் கலந்து போனாலோ கடும் காய்ச்சல் இருந்தாலோ டாக்டர். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதே ஆன்டிபயாடிக்குக்கு அனுமதிச் சீட்டு ஆகிவிடாது.

இதெல்லாம் தனி மனிதர்கள் செய்யக்கூடியது. அரசு இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே கேரளம் இருக்கிறது. 2018இல் நாட்டிலேயே முதல் மாநிலமாக ஆன்டிபயாடிக் எதிர்ப்புக்கான செயல்திட்டம் போட்டார்கள். 2024 தொடக்கத்தில், சீட்டில்லாமல் விற்கும் கடைகளைப் பிடிக்க ஆபரேஷன் அமிர்த் என்ற பெயரில் சோதனைகள் தொடங்கின. ஆன்டிபயாடிக்கை நீல நிறக் கவரில் போட்டுத் தர ஏற்பாடு செய்தார்கள். வீட்டில் மீந்த மருந்தைத் திரும்ப வாங்கும் திட்டத்தையும் முயன்று பார்த்தார்கள்.

மீந்த ஆன்டிபயாடிக்கை அடுத்த காய்ச்சலுக்கு என்று பெட்டியில் வைக்காதீர்கள், அண்ணி கேட்டாலும் கொடுக்காதீர்கள். வாஷ்பேசினில் கரைத்து ஊற்றவும் வேண்டாம். டெல்லியில் தேங்கிய நீர் மாதிரிகள் என்ன சொல்லின என்று மேலே பார்த்தோம். உங்கள் கடைக்காரரோ மருத்துவமனை மருந்தகமோ திரும்ப வாங்குகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். வாங்கவில்லை என்றால் அட்டையிலிருந்து பிரித்து, காப்பித்தூள் கசடு மாதிரி யாரும் எடுக்க விரும்பாத எதனோடாவது கலந்து, மூடிய பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.